அங்கே மட்டும் ஏன் உடைகிறது? பல இயங்குதளங்களில் ஓடும் சி லைப்ரரிக்கான பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ், விண்டோஸ், மேக் ஓஎஸ், பிஎஸ்டி குடும்பம் என எல்லா இடத்திலும் கம்பைல் ஆக வேண்டிய சிறிய திறந்த மூல சி லைப்ரரி (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் சி மொழி நிரல் தொகுப்பு) ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். வருகிற புகார்களில் பெரும்பாலானவை ‘உங்கள் லைப்ரரி எங்கள் இயங்குதளத்தில் வேலை செய்யவில்லை’ என்றே தொடங்கும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து காரணங்கள்தான் வேறு வேறு முகத்தோடு வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடி அலுத்துப்போய், அறிகுறி வாரியாக எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை அநேகமாக நம் நிரலில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும். ஒரு இயங்குதளம் அதைப் பொறுத்துக்கொண்டது, இன்னொன்று பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே காரணம் தெரியும் முன்பே ‘விண்டோஸ் என்றால் இப்படி, மற்றதற்கு அப்படி’ என்று இஃப்டெஃப் (நிபந்தனை பார்த்து நிரலின் ஒரு பகுதியை மட்டும் கம்பைல் செய்யச் சொல்லும் வரி) ஒன்றைப் போட்டு மூடாதீர்கள். அப்படி மூடிய பிழை வேறொரு இயங்குதளத்தில் மறுபடி வரும். அப்போது அந்த இஃப்டெஃப்பையும் சேர்த்து அவிழ்க்க வேண்டியிருக்கும்.

## தொடங்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

புகார் கொடுத்தவரிடம் மூன்று விவரம் கேளுங்கள். எந்தச் செயலி, எந்த இயங்குதளம், அதில் எத்தனை பிட்? எந்த கம்பைலர், எந்தப் பதிப்பு? அப்புறம், முதல் பிழை வரி. கடைசி வரியை மட்டும் வெட்டி ஒட்டி அனுப்புகிறவர்களே அதிகம். ஆனால் கம்பைலர் கொட்டும் இருநூறு வரிகளில் முதல் பிழைதான் நமக்கு வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதனால் வந்தவை.

பில்டு அடைவை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். கம்பைலர் முன்பு உருவாக்கிய பழைய ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் வந்த விநோதங்களுக்காக நான் தொலைத்த நாட்கள் கொஞ்சமல்ல.

## அறிகுறி 1: சோர்ஸை இறக்கியதுமே தகராறு

### கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது

ஷெல் ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போது இப்படி வந்தால் முதலில் வரி முடிவைப் பாருங்கள். விண்டோஸில் ஒரு வரி 13, 10 என்ற இரண்டு பைட்களில் முடியும், மற்றவற்றில் 10 மட்டும். விண்டோஸில் திருத்திய ஸ்கிரிப்ட் லினக்ஸுக்குப் போனால், முதல் வரியிலுள்ள ஷெல்லின் பெயரோடு அந்த 13 ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரில் நிரல் எதுவும் இல்லை என்றுதான் இயங்குதளம் சொல்கிறது. ‘ஃபைல்’ கட்டளையைக் கொடுத்தால் வரி முடிவு என்னவென்று தெரிந்துவிடும்.

தீர்வு, கிட் (சோர்ஸின் பதிப்புகளைக் காக்கும் கருவி) படிக்கும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு. ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு எப்போதும் 10 மட்டும், டெஸ்ட்டுக்கான தரவுக் கோப்புகளை பைனரியாக நடத்து என்று அதில் எழுதிவிடுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் கிட் அமைப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதே குழியில் விழுவார்கள்.

வரி முடிவு சரியாக இருந்தும் ஓடவில்லையா? ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிறுவலில் பாஷ் என்ற ஷெல் கிடையாது. நிறுவினாலும் லினக்ஸில் இருக்கும் இடத்தில் இருக்காது. ஆகவே முழுப் பாதையை எழுதாமல் ‘என்வ்’ வழியாக அழையுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் வெறும் ‘எஸ்எச்’ என்றால் அது டாஷ் என்ற வேறொரு ஷெல். பாஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்பு அதற்குப் புரியாது. மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2 பதிப்புதான். உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையில் கோப்பை அங்கேயே திருத்தும் விருப்பமும் ஜிஎன்யூவில் ஒரு மாதிரி, பிஎஸ்டியிலும் மேக்கிலும் வேறு மாதிரி. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுவதே எங்கும் செல்லும் வழி.

### விண்டோஸில் மட்டும் க்ளோன் பாதியில் நிற்கிறது

க்ளோன் என்றால் கிட் வழியாக முழு சோர்ஸையும் இறக்குவது. அது நின்றால் கோப்புப் பெயர்களைப் பாருங்கள். கான், ஆக்ஸ், நல், பிஆர்என் போன்ற பெயர்களை விண்டோஸ் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. பின்னொட்டு சேர்த்தாலும் விடாது. உதவி நிரல்களைப் போட்டு வைக்க ‘ஆக்ஸ்’ என்று பெயர் வைப்பது லினக்ஸ்காரர்களுக்கு இயல்பாக வரும், வைத்துவிடாதீர்கள். முக்காற்புள்ளி, கேள்விக்குறி உள்ள பெயர்களும் ஆகாது. ஆழமான அடைவுகள் இருந்தால் பாதையின் மொத்த நீளம் 260 எழுத்தைத் தாண்டுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

க்ளோன் முடிந்தும், எதையும் தொடாமலேயே ஒரு கோப்பு ‘மாறியிருக்கிறது’ என்று கிட் சொன்னால், பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் இருக்கின்றன என்று பொருள். விண்டோஸிலும் மேக்கின் இயல்பான அமைப்பிலும் அவை ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். ஒன்றுக்குப் பெயர் மாற்றுங்கள்.

## அறிகுறி 2: கம்பைல் ஆகவில்லை

### ஹெடர் கிடைக்கவில்லை

இதே எழுத்துச் சிக்கலின் மறுபக்கம் இது. ஹெடரை (அறிவிப்புகள் உள்ள கோப்பு) சேர்க்கும் இன்க்ளூட் வரியில் ஒரு எழுத்து பெரிதாக இருந்தால் விண்டோஸும் மேக்கும் கண்டுகொள்ளாது, லினக்ஸ் நிறுத்திவிடும். லினக்ஸில் இருந்துகொண்டு மிங்டபிள்யூ என்ற கருவித் தொகுப்பைக் கொண்டு விண்டோஸுக்குக் கட்டும்போது, விண்டோஸின் தலைமை ஹெடரின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால் அங்கேயே நிற்கும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுங்கள்.

எழுத்து சரியென்றால், அந்த ஹெடர் அந்த இயங்குதளத்தில் உண்டா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, பெரும்பாலான லினக்ஸ்களின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் இருக்கும் பேக்ட்ரேஸ் (ஃபங்க்ஷன்கள் அழைக்கப்பட்ட வழியைக் காட்டும்) வசதி, ஆல்பைன் லினக்ஸ் அதற்குப் பதில் பயன்படுத்தும் மசலில் இல்லை. இந்த மாதிரி இடத்தில் ‘லினக்ஸா?’ என்று கேட்டால் தப்பான பதில்தான் கிடைக்கும், ஏனென்றால் இரண்டுமே லினக்ஸ். ‘இந்த ஹெடர் இருக்கிறதா?’ என்று சிமேக், மீசான், ஆட்டோகான்ஃப் ஆகிய பில்டு கருவிகள் எதிலாவது சோதித்துக் கேளுங்கள். இயங்குதளத்தின் பெயரைக் கேட்கும் இஃப்டெஃப்பை நான் கடைசியாகத்தான் தொடுவேன்.

### ஹெடர் கிடைத்தது, ஆனால் ஃபங்க்ஷனைத் தெரியாது என்கிறது

கம்பைலருக்கு ‘சி99’ என்று கறாராகச் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியென்றால் பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) ஃபங்க்ஷன்களை ஜிலிப்சி மறைத்துவிடும். ‘ஜிஎன்யூ99’ என்றால் காட்டும். சரியான வழி, வேண்டிய பாசிக்ஸ் பதிப்பைக் குறிக்கும் மேக்ரோவை (கம்பைல் ஆகும் முன் பதிலீடு செய்யப்படும் பெயர்) எல்லா இன்க்ளூடுக்கும் முன்னால் வைப்பது. முதல் ஹெடருக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. இந்தத் தவறை நான் மூன்று முறையாவது செய்திருக்கிறேன்.

அறிவிக்கப்படாத ஃபங்க்ஷன் என்பது முன்பு வெறும் எச்சரிக்கை. க்ளாங் 16, ஜிசிசி 14 கம்பைலர்கள் முதல் அது பிழை. ‘நேற்று வரை ஓடியது, கம்பைலரைப் புதுப்பித்ததும் உடைந்துவிட்டது’ என்று வரும் புகார்களில் இது அடிக்கடி தலைகாட்டும். எச்சரிக்கையைத் திரும்ப மௌனமாக்கி அனுப்பிவிடாதீர்கள். அறிவிப்பு இல்லாவிட்டால் அந்த ஃபங்க்ஷன் இன்ட் (முழு எண்) திருப்பும் என்று கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். உண்மையில் பாயிண்டர் (நினைவக முகவரி) திரும்பினால் 64 பிட்டில் பாதி வெட்டுப்பட்டு 32 பிட்தான் கைக்கு வரும். நினைவகத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து இடம் கிடைத்தவரை ஓடும், அப்புறம் ஒருநாள் விழும்.

### நம் பெயர்களின் மீதே இலக்கணப் பிழை காட்டுகிறது

விண்டோஸில் மட்டும், எந்தத் தப்பும் இல்லாத வரியில் இலக்கணப் பிழை வந்தால், நீங்கள் வைத்த பெயர் அங்கே ஏற்கெனவே மேக்ரோவாக இருக்கிறது. மின், மேக்ஸ், நியர், ஃபார், ஸ்மால் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். மின், மேக்ஸ் இரண்டையும் அணைக்க ‘நோமின்மேக்ஸ்’ என்ற மேக்ரோ உண்டு. மற்றவற்றுக்கு உங்கள் பெயரை மாற்றுவதே நிம்மதி. பிணையத் தொடர்புக்கான வின்சாக்2 ஹெடரை விண்டோஸ் ஹெடருக்கு முன்னால் சேர்க்காவிட்டாலும் மறுவரையறைப் பிழைகள் மழைபோல் கொட்டும்.

மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் மட்டும் நிற்கிறது என்றால், நீளம் ஓடும்போது முடிவாகும் அரேக்களைத் தேடுங்கள்; அது அவற்றை ஏற்காது. ஜிசிசிக்கே உரிய அட்ரிபியூட் வரிகளும் அங்கே செல்லாது. பிஎஸ்டியில் மேக்ஃபைலின் (கட்டும் விதிகள் உள்ள கோப்பு) முதல் வரிகளிலேயே நின்றால், அது ஜிஎன்யூவின் ‘மேக்’ (make) என்ற பில்டு கருவிக்காக எழுதப்பட்டது. ‘ஜிமேக்’ என்று அழைத்துப் பாருங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: ‘கம்பைலரின் உள் பிழை’ என்று சொல்லிவிட்டு கம்பைலரே விழுந்தால், அது நம் வேலை அல்ல. சி-ரெட்யூஸ் கருவியால் சோர்ஸை இருபது முப்பது வரிக்குச் சுருக்கி, அந்த கம்பைலரின் பிழைப் பதிவேட்டில் சேருங்கள். முழு லைப்ரரியை அனுப்பினால் வரிசையில் பின்னால் போய்விடும்.

## அறிகுறி 3: கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகவில்லை

லிங்க் என்பது கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைப்பது. அப்போது கணித ஃபங்க்ஷன்கள் கிடைக்கவில்லை என்றால் லினக்ஸில் கணித லைப்ரரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மேக்கில் அது தானாகவே வரும். திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) ஃபங்க்ஷன்கள் என்றால் 2021இல் வந்த ஜிலிப்சி 2.34 முதல் அவை முதன்மை லைப்ரரிக்குள்ளேயே இருக்கின்றன. புது லினக்ஸில் சரியாக லிங்க் ஆகி, பழையதில் நிற்பதற்கு அதுவே காரணம். விண்டோஸில் சாக்கெட் என்றால் டபிள்யூஎஸ்2_32ஐச் சேருங்கள்.

எல்லாம் சேர்த்தும் கிடைக்கவில்லையா? ஸ்டாட்டிக் லைப்ரரிகளின் வரிசையைப் பாருங்கள். ஜிஎன்யூ லிங்கர் இடமிருந்து வலமாக ஒருமுறைதான் போகும். கேட்பவர் முன்னாலும் கொடுப்பவர் பின்னாலும் நிற்க வேண்டும்.

நம் சொந்த ஃபங்க்ஷனே விண்டோஸில் மட்டும் கிடைக்கவில்லை என்றால், டிஎல்எல்லிலிருந்து (விண்டோஸின் பகிர்வு லைப்ரரி) அதை வெளியே காட்டும் குறி விட்டுப்போயிருக்கிறது. லினக்ஸ் இயல்பாக எல்லாவற்றையும் வெளியே காட்டும், விண்டோஸ் எதையும் காட்டாது. லினக்ஸிலும் ‘எல்லாம் மறை, குறித்ததை மட்டும் காட்டு’ என்று கட்டுங்கள். அப்படிச் செய்தால் விட்டுப்போன குறி உங்கள் மேசையிலேயே அகப்பட்டுவிடும். சி++ பயனருக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் ஹெடரில் எக்ஸ்டர்ன் சி அடைப்பு இல்லை.

## அறிகுறி 4: லிங்க் ஆனது, தொடங்கவே மறுக்கிறது

### ‘லைப்ரரி கிடைக்கவில்லை’

லினக்ஸில் எல்டிடி, மேக்கில் ஓடூல், விண்டோஸில் டம்ப்பின். இவை மூன்றும் எது எதைத் தேடுகிறது என்று காட்டும். மேக்கில் பெரும்பாலும் லைப்ரரிக்குள் பதிந்திருக்கும் பாதை கட்டியவரின் சொந்த அடைவைச் சுட்டிக்கொண்டிருக்கும். அதை ஆர்பாத் (ஓடும்போது தேட வேண்டிய பாதை) வழியாக மாற்றுங்கள். மேக்கின் லைப்ரரி ஏற்றியான டிஒய்எல்டிக்குரிய சூழல் மாறியை வைத்துச் சமாளிக்கப் பார்த்தால், 2015இல் வந்த எல் கேப்பிடன் முதல் கணினியின் பாதுகாக்கப்பட்ட நிரல்கள் அதைக் கழற்றிவிடும். ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டும் டெஸ்ட்டில் மாறி காணாமல் போவது இதனால்தான்.

### ‘ஜிலிப்சியின் இன்ன பதிப்பு இல்லை’

புது லினக்ஸில் கட்டிப் பழையதில் ஓட்டியிருக்கிறார்கள். பழையதில் கட்டினால் புதியதில் ஓடும், மாற்றிச் செய்தால் ஓடாது. நீங்கள் ஆதரிப்பதிலேயே மிகப் பழைய பதிப்பை ஒரு கண்டெய்னரில் வைத்து அதற்குள் கட்டுங்கள். பைனரியே வழங்காமல் சோர்ஸை மட்டும் வெளியிடுவது இன்னும் எளிது. சிறிய லைப்ரரிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

## அறிகுறி 5: ஓடுகிறது, விடை தவறு

இங்கேதான் நிதானம் வேண்டும். எதுவும் விழாது, எந்தச் செய்தியும் வராது. யாரோ ஒருவருடைய தரவு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

### விண்டோஸில் மட்டும், எண் பெரிதானால் தவறு

காரணம், லாங் என்ற முழு எண் வகை. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். பொது ஹெடர்களில் லாங் என்று தேடுங்கள். பாயிண்டரை லாங்கில் போட்டு வைத்திருக்கிறீர்களா, 2 ஜிபி தாண்டிய கோப்பில், இருக்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். அது லாங் திருப்புவதால் விண்டோஸில் 2 ஜிபியோடு நின்றுவிடும். எண்ணுக்கு இன்ட்64_டி, அளவுக்கு சைஸ்_டி, பாயிண்டரை எண்ணாக வைக்க இன்ட்பிடிஆர்_டி என்று மாற்றுங்கள். பிரிண்ட்எஃப் வடிவங்களையும் கூடவே மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். பொது ஹெடரில் இருப்பதை மாற்றினால் பழைய பயனர்கள் உடைவார்கள். அதற்கு அறிகுறி 8ஐப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

### ஆர்ம் லினக்ஸில் மட்டும் தவறு, அல்லது லூப் முடிவதில்லை

கேரக்டர் வகைக்குக் கூட்டல், கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதை சி மொழி முடிவு செய்யவில்லை. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) செயலிகளில் உண்டு, ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் இல்லை, ஆப்பிளின் ஆர்மில் மறுபடி உண்டு. கெட்கேர் திருப்பியதைக் கேரக்டரில் வாங்கி, கோப்பு முடிவைக் குறிக்கும் மைனஸ் 1உடன் ஒப்பிட்டால், ஆர்ம் லினக்ஸில் அது ஒருநாளும் சமமாகாது. லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்தப் புகார் ஒரு சிறிய ஆர்ம் போர்டு வைத்திருந்தவரிடமிருந்து வந்தது. அவருடைய போர்டையே இரண்டு நாள் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்86இலும் அந்த வரி தவறுதான்: 255 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து பாதியிலேயே நின்றுவிடும். அப்படி ஒரு கோப்பை யாரும் அதுவரை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், அந்த மூன்றுமே 127க்கு மேற்பட்டவை. குறி உள்ள இடத்தில் அவை எதிர்மறை எண்ணாகிவிடும். அதை அப்படியே அரேக்குச் சுட்டாகக் கொடுத்தால் அரேக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தைப் படிப்பீர்கள். ஐஸ்ஆல்ஃபா போன்றவற்றுக்குக் கொடுத்தாலும் ஆபத்துதான். ஆங்கில உரையை மட்டும் வைத்து டெஸ்ட் எழுதினால் இது எப்போதும் வெளியே வராது.

சோதிக்க ஆர்ம் தேவையில்லை. ஜிசிசியிலும் க்ளாங்கிலும் கேரக்டரைக் குறியில்லாததாக மாற்றும் விருப்பம் உண்டு. அதைப் போட்டு ஒருமுறை, எதிர்மாறானதைப் போட்டு ஒருமுறை டெஸ்ட்களை ஓட்டுங்கள். இரண்டிலும் தேறினால் இந்தப் பக்கம் கவலையில்லை.

### விண்டோஸில் எழுதிய கோப்பு பெரிதாகிறது, அல்லது படிப்பது பாதியில் நிற்கிறது

கோப்பை டெக்ஸ்ட் முறையில் திறந்திருக்கிறீர்கள். அந்த முறையில் எழுதும்போது 10 என்ற ஒவ்வொரு பைட்டும் 13, 10 ஆக மாறும். படிக்கும்போது 26 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்ததாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். படமோ சுருக்கிய கோப்போ என்றால் 26 எங்காவது வராமல் போகாது. எஃப்ஓபன் அழைக்கும் எல்லா இடத்திலும் பைனரிக்கான ‘பி’யைச் சேருங்கள். லினக்ஸில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஸ்டாண்டர்டு இன்புட் வழியாக வந்தால் செட்மோட் வைத்து மாற்ற வேண்டும். டெஸ்ட் தரவுக்கு இது நேர்ந்தால், கிட் கருவியே வரி முடிவை மாற்றியிருக்கவும் கூடும். அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

### தமிழ்ப் பெயருள்ள கோப்பு திறக்கவில்லை

விண்டோஸில் எஃப்ஓபன் பழைய எட்டு பிட் குறியீட்டுப் பக்கத்தில் பெயரை எதிர்பார்க்கும். தமிழுக்கு, எஃப்ஓபன் ஏற்கும் அப்படி ஒரு பழைய பக்கம் விண்டோஸில் கிடையாது. ஆகவே வட்டார அமைப்பை வேறு எந்தப் பழைய பக்கத்துக்கு மாற்றினாலும் திறக்காது. பெயரை யூடிஎஃப்-16க்கு மாற்றி, அகல எழுத்து வகையான டபிள்யூஎஃப்ஓபனை அழையுங்கள். லைப்ரரியின் வெளிமுகம் எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8 ஆகவே இருக்கட்டும், மாற்றம் உள்ளே ஒரே ஒரு ஃபங்க்ஷனில் நடக்கட்டும்.

மேக்கில் வேறு கதை. பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயரைப் பிரித்து வைக்கும். ‘கோப்பு’ என்று சேமித்தால், ஓகாரக் குறி ஏகாரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டாகப் பிரிந்துவிடும். 3 பைட் இருந்த இடத்தில் 6. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட் ஒப்பீட்டில் பொருந்தாது. புதிய ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைக்கும், ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். கோப்புப் பெயர்களை ஒப்பிட வேண்டியிருந்தால், ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள். பயனர் கொடுத்த பெயரைச் சேமிக்கும்போது மாற்றாதீர்கள்.

### தசமத்தின் கடைசி இலக்கம் வேறுபடுகிறது

ஆர்ம்64இல் பெருக்கிக் கூட்டுவதை ஜிசிசி ஒரே கட்டளையாகச் சேர்த்துவிடும், நடுவில் முழுமையாக்கல் இருக்காது. வழக்கமான எக்ஸ்86 பில்டில் இரண்டு படி. அந்தச் சேர்க்கையை அணைக்கும் விருப்பத்தைப் போட்டுப் பாருங்கள். வேறுபாடு மறைந்தால் அதுதான் காரணம். அதற்காக எப்போதும் அணைத்து வைக்க வேண்டியதில்லை, டெஸ்ட்டில் சிறிய இடைவெளியை அனுமதித்தால் போதும். லாங் டபுள் பயன்படுத்தியிருந்தால் விட்டுவிடுங்கள். அது மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் 64 பிட், எக்ஸ்86 லினக்ஸில் 80 பிட், ஆர்ம்64 லினக்ஸில் 128 பிட்.

3.14க்குப் பதில் 3 மட்டும் வருகிறதா? அது துல்லியத்தின் சிக்கல் அல்ல. பயனரின் வட்டார அமைப்பில் தசமக் குறி காற்புள்ளியாக இருக்கும். எஸ்டிஆர்டிஓடி புள்ளியைக் கண்டதும் நின்றுவிட்டது. கோப்பு வடிவங்களைப் படிக்க வட்டாரத்தைச் சாராத ஃபங்க்ஷன் வேண்டும்.

### பைட்கள் தலைகீழாக வருகின்றன

ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் போன்ற, பெரிய பைட்டை முன்னால் வைக்கும் செயலிகளில் வரும். ஸ்ட்ரக்டை (பல புலங்களைச் சேர்த்த தரவு வகை) அப்படியே கோப்பில் எழுதும் இடங்களைத் தேடுங்கள். பைட் பைட்டாக ஷிஃப்ட் செய்து எழுதவும் படிக்கவும் மாற்றினால் எந்தச் செயலி என்று கேட்கவே வேண்டியதில்லை, ஒரு இஃப்டெஃப்பும் வேண்டாம். சோதிக்க, வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஇமு போதும்.

## அறிகுறி 6: விழுகிறது, சில சமயம் மட்டும்

முதல் வேலை: லினக்ஸில் அட்ரஸ் சானிடைசர், அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசர் (ஓடும்போதே நினைவகத் தவறுகளையும் சி மொழி வரையறுக்காத செயல்களையும் பிடிக்கும் கம்பைலர் வசதிகள்) இரண்டையும் போட்டுக் கட்டி, டெஸ்ட்களை முழுக்க ஓட்டுவது. ‘மேக்கில்தானே விழுகிறது, லினக்ஸில் எதற்கு?’ என்று கேட்பார்கள். மேக்கில் விழுந்த பிழை லினக்ஸிலும் இருக்கும். அங்கே விழாமல் தப்பித்துக்கொண்டிருப்பதை சானிடைசர் காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல் கீழே இருப்பவற்றுக்குப் போகாதீர்கள்.

திரெட்டுக்குள் மட்டும் விழுகிறது. ஸ்டாக் (ஃபங்க்ஷன்களின் தற்காலிக மாறிகள் இருக்கும் இடம்) அளவைப் பாருங்கள். ஜிலிப்சியில் ஒரு திரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி கிடைக்கும். மேக்கில் துணைத் திரெட்டுக்கு 512 கேபி, மசலில் 128 கேபிதான். ஃபங்க்ஷனுக்குள் 200 கேபி அரே வைத்திருந்தால் ஆல்பைனில் விழாமல் என்ன செய்யும்? அரேயை ஹீப்புக்கு (கேட்டு ஒதுக்கி வாங்கும் நினைவகம்) மாற்றுங்கள்.

விண்டோஸில் ஃப்ரீ அழைக்கும்போது விழுகிறது. டிஎல்எல்லுக்கு ஒரு ஹீப், அழைத்த நிரலுக்கு வேறொரு ஹீப் என்று இருக்கலாம். நாம் ஒதுக்கியதைப் பயனர் தன் ஃப்ரீயால் விடுவித்தால் விழும். லைப்ரரியிலேயே விடுவிக்கும் ஃபங்க்ஷன் ஒன்றைக் கொடுத்து, அதைத்தான் அழைக்க வேண்டும் என்று ஆவணத்தில் எழுதுங்கள். ஃபைல் பாயிண்டரை எல்லை தாண்டி அனுப்புவதிலும் இதே ஆபத்து உண்டு.

பஸ் எரர் என்று விழுகிறது. பைட் அரேயின் நடுவிலிருந்து முழு எண்ணாக வார்த்துப் படித்திருக்கிறீர்கள். எக்ஸ்86 பொறுக்கும், எல்லாச் செயலியும் பொறுக்காது. மெம்காப்பியால் எடுங்கள். கம்பைலர் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும், வேகம் குறையும் என்ற பயம் வேண்டாம்.

ஆப்பிளின் ஆர்மில் மட்டும், அளபுருக்களில் குப்பை. எண்ணிக்கை மாறும் அளபுருக்கள் கொண்ட ஃபங்க்ஷனைச் சாதாரண ஃபங்க்ஷன் பாயிண்டர் வழியாக அழைக்கிறீர்களா? அங்கே அவை எப்போதும் ஸ்டாக்கில்தான் போகும். அறிவிப்பைச் சரி செய்யுங்கள்.

ஆர்மில் பல திரெட் ஓடும்போது, ஆயிரத்தில் ஒருமுறை. இதுதான் விலை அதிகமானது. நினைவகத்தில் எழுதிய வரிசை மற்ற திரெட்டுக்குத் தெரியும் வரிசையோடு ஒத்துப்போவதில் எக்ஸ்86 கண்டிப்பானது, ஆர்ம் அப்படியல்ல. பூட்டில்லாமல் ஒரு கொடியை வைத்துச் சமாளித்த நிரல், எக்ஸ்86இல் வருடக்கணக்கில் ஓடியிருந்தாலும் ஆர்மில் உடையும். வாலட்டைல் சேர்ப்பது மருந்தல்ல. திரெட் சானிடைசரை ஓட்டுங்கள். அது காட்டும் இடத்தில் மியூடெக்ஸ் (பூட்டு) போட முடிந்தால் போட்டுவிடுங்கள், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: பூட்டில்லாத நிரல்தான் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், நினைவக வரிசையில் உண்மையாகவே தேர்ந்த ஒருவரிடம் காட்டாமல் வெளியிடாதீர்கள். டெஸ்ட்கள் தேறின என்பது இந்த இடத்தில் ஆதாரமே அல்ல.

## அறிகுறி 7: லைப்ரரி சரி, டெஸ்ட் மட்டும் விழுகிறது

அடைவைப் படிக்கும்போது கோப்புகள் அகர வரிசையில் வரும் என்று நம்பியிருக்கலாம். எந்த உத்தரவாதமும் இல்லை. கியூசார்ட் சமமானவற்றின் வரிசையைக் காக்கும் என்று நம்பியிருக்கலாம், அதற்கும் இல்லை. மேக்கில் டிஎம்பி அடைவு உண்மையில் வேறொரு இடத்துக்கான இணைப்பு என்பதால் பாதை ஒப்பீடு தவறும். விண்டோஸில் திறந்திருக்கும் கோப்பைச் சாதாரணமாக அழிக்க முடியாது. ரீநேம் ஃபங்க்ஷன் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதாது, அதற்கு மூவ்ஃபைல்எக்ஸ் வேண்டும். இந்தக் கடைசி ஒன்று லைப்ரரியிலும் இருந்தால் அது டெஸ்ட் பிழை அல்ல, பயனரின் தரவைப் பாதிக்கும் பிழை. உடனே கவனியுங்கள்.

## அறிகுறி 8: புது வெளியீடு வந்ததும் பழைய நிரல்கள் விழுகின்றன

பொது ஸ்ட்ரக்டில் ஒரு புலம் சேர்த்தீர்களா? ஃபங்க்ஷனின் அளபுரு வகையை மாற்றினீர்களா? பழைய நிரல் பழைய அளவில் இடம் ஒதுக்கியிருக்கும், புது லைப்ரரி அதைத் தாண்டி எழுதும். ஏபிஐடிஃப் கருவியில் பழைய, புதிய பைனரிகளைக் கொடுத்தால் என்ன மாறியது என்று சொல்லிவிடும்.

மாற்றம் தவறுதலாக நேர்ந்தது என்றால் திரும்பப் பெற்று உடனே ஒரு திருத்த வெளியீடு விடுங்கள். வேண்டுமென்றே செய்தது என்றால் எஸ்ஓநேமில் (பகிர்வு லைப்ரரிக்குள் பதிந்திருக்கும் பெயர்) உள்ள எண்ணை உயர்த்துங்கள். லினக்ஸ் விநியோகங்களில் உங்கள் லைப்ரரியைப் பொதி செய்பவர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள், ஏனென்றால் அதைச் சார்ந்த அத்தனை பொதிகளையும் அவர்கள்தான் மறுபடி கட்டியாக வேண்டும். இதே எண்ணில் ஸ்ட்ரக்டை மாற்றிவிட்டு ‘சிறிய மாற்றம்தானே’ என்று வெளியிடுவது அவர்களுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம்.

## கையில் இல்லாத இயங்குதளம் என்றால்

லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றையும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற தானியங்கி பில்டு சேவைகளில் ஓட்டிப் பார்க்கலாம். வேறு செயலி என்றால் கியூஇமு. ஆனால் கியூஇமுவில் திரெட் வரிசைப் பிழைகள் தெரியாமல் போகலாம், அதற்கு உண்மையான இயந்திரம் வேண்டும். திறந்த மூல நிரலாளர்களுக்கு அரிய செயலிகளில் கணக்கு கொடுக்கும் சிஃபார்ம் (முன்பு ஜிசிசி கம்பைல் ஃபார்ம்) இருக்கிறது, விண்ணப்பித்தால் கிடைக்கும்.

அரைநாள் தேடியும் காரணம் புலப்படவில்லை என்றால் ஆள் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. டெபியனில் ஒவ்வொரு செயலிக்கும் போர்ட்டர்கள் (அந்தச் செயலியில் எல்லாம் ஓடும்படி பார்த்துக்கொள்பவர்கள்) உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் (அங்கே நிறுவத் தயாராக்கிய நிரல் பொதி) பராமரிப்பாளரின் முகவரி அந்த போர்ட்டின் மேக்ஃபைலிலேயே இருக்கும். அவர்கள் அநேகமாக உங்கள் லைப்ரரிக்கு ஒரு பேட்ச் (சிறு திருத்தம்) போட்டு ஏற்கெனவே வைத்திருப்பார்கள். கேட்கும் முன் அந்த பேட்ச்களைப் போய்ப் பாருங்கள், விடை பலமுறை அங்கேயே கிடைத்திருக்கிறது. மேக்கில் கையொப்பம், நோட்டரைசேஷன் (ஆப்பிளின் சரிபார்ப்பு) சிக்கல் என்றால் நேரத்தை வீணாக்காமல் அதைத் தொழிலாகச் செய்பவரைக் கேளுங்கள்.

தேடும் வழியில் வெளியாளின் தரவால் நினைவகத்தைத் தாண்டி எழுத முடியும் என்று தெரிந்தால், அங்கேயே நிறுத்துங்கள். பொதுப் பதிவேட்டில் எழுதாதீர்கள். லைப்ரரியைப் பொதி செய்பவர்களின் பாதுகாப்புக் குழுக்களுக்குத் தனியாக எழுதி, திருத்தமும் அறிவிப்பும் ஒரே நாளில் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

போர்ட்டருக்கு எழுதும் கடிதத்தில் இவை இருக்கட்டும்: செயலி, இயங்குதளம், கம்பைலர் பதிப்பு, முதல் பிழை வரி, ஐம்பது வரிக்குள் தனியாகக் கம்பைல் ஆகும் ஒரு சி கோப்பு, சானிடைசர் என்ன சொன்னது, எதையெல்லாம் ஏற்கெனவே சோதித்து நீக்கினீர்கள். அவர் அனுப்பும் திருத்தத்தை ஏற்கும்போது அந்த ஐம்பது வரியையும் டெஸ்ட்டாகச் சேர்த்துவிடுங்கள்.